நிறைந்து வழிந்தால் சொல்ல வேண்டாமா?

பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியதுமே, நம் வகுப்பில் பலர் "செல்போன்: நன்மையா தீமையா", "இளைஞர் கையில் இந்தியா" என்று தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய விஷயமெல்லாம் எனக்கு எழுத வராது. நான் எழுத வந்தது ஒரே ஒரு மைனஸ் குறியைப் பற்றி. என் அம்மாவைப் பதினான்கு பேர் நடுவில் தலைகுனிய வைத்த மைனஸ் குறி அது.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா லாரி லோடு ஏற்றுகிறவர். அம்மா காட்டு வேலைக்குப் போகிறவர். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் மனக்கணக்கில் அம்மாவை யாரும் ஏமாற்ற முடியாது.

எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவில் அம்மாவோடு சேர்த்து 15 பேர். ஆளுக்கு மாசம் நூறு ரூபாய் சேமிப்பு. பெட்டிச் சாவி அம்மாவிடம். முதல் வருஷம் நமக்கு சி மொழி லேப் ஆரம்பித்ததும், "எம் பொண்ணு கம்ப்யூட்டர் படிக்குது, இனி அதுவே கணக்கு போட்டுத் தரும்" என்று அம்மா குழுவில் பெருமையாகச் சொல்லிவிட்டார். நானும் லேபில் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து, அந்த நீலத் திரை டர்போ சியில் ஒரு புரோகிராம் எழுதிவிட்டேன். 19-ம் மாசம் 28,500 என்று வந்தது. சரி. 20-ம் மாசம் 30,000. 21-ம் மாசம் 31,500. எல்லாம் சரி. கூட்டத்தில் என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா நிமிர்ந்து உட்கார்வாராம்.

22-ம் மாசம் பரீட்சை நேரம். வந்ததை வந்தபடி ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன். கடைசி வரியைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் ஊக்குநர் அக்கா சத்தமாக வாசித்தார்: "மொத்தம், மைனஸ் முப்பத்தி ரெண்டாயிரத்து ஐநூத்தி முப்பத்தாறு."

"மைனஸ்னா என்னக்கா?"

"கொறையுதுன்னு அர்த்தம்."

எல்லார் கண்ணும் சாவி வைத்திருந்தவர் மேல் போனது. அம்மா சொல்லியிருக்கிறார்: "பதினஞ்சு பேரு, ஆளுக்கு நூறு, இருவத்தி ரெண்டு மாசம். முப்பத்தி மூவாயிரம் இருக்கோணும்." அதற்கு ஒருவர், "கம்ப்யூட்டர் போட்ட கணக்குக்கா, அது தப்பாச் சொல்லுமா?" என்று கேட்டிருக்கிறார். மறுநாள் பேங்க் பாஸ்புக்கை எடுத்துப் பார்த்ததில் எல்லாம் தீர்ந்தது. ஆனால் அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏங் கண்ணு, அதுக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

நண்பர்களே, இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்விதான்.

நடந்தது என்ன?

டர்போ சியில் இன்ட் என்று அறிவித்தால் 16 பிட் இடம்தான் கிடைக்கும். 16 பிட்டில் 65,536 விதமான எண்களை வைக்கலாம். அதில் பாதி மைனஸ் பக்கம், பாதி பிளஸ் பக்கம். ஆக −32,768 முதல் 32,767 வரை. நம் பழைய டி.வி.எஸ். 50 வண்டியில் கிலோமீட்டர் மீட்டர் 99999-ஐத் தாண்டினால் 00000 என்று திரும்புமே, அதே கதைதான். வித்தியாசம், இங்கே பூஜ்யத்துக்குத் திரும்பாமல் மைனஸின் அடிமட்டத்துக்குப் போய்விழும். 33,000-லிருந்து 65,536-ஐக் கழித்துப் பாருங்கள். −32,536. என் தாளில் வந்த அதே எண்.

தப்பு என்னுடையது. அதை நான் மறைக்கவில்லை. இன்ட் போட்ட இடத்தில் லாங் போட்டிருக்க வேண்டும். ஆனால் என் வருத்தம் வேறு. படியில் நெல் அளக்கும்போது படி நிறைந்தால் வழியும். வழிவது கண்ணுக்குத் தெரியும், கீழே சிந்தும், அளக்கிறவர் கையை நிறுத்துவார். கம்ப்யூட்டரில் வழிந்தது எனக்குத் தெரியவே இல்லை. எரர் வரவில்லை, பீப் சத்தம் வரவில்லை, புரோகிராம் நிற்கவும் இல்லை. நல்ல பிள்ளை மாதிரி ஒரு பொய்யை அச்சடித்துக் கொடுத்தது. இத்தனைக்கும் மெஷினுக்குத் தெரியாமல் இல்லை. நம் கணினியின் பிராசசருக்குள் கூட்டல் எல்லை மீறினால் அதைக் குறித்துக்கொள்ள ஓவர்ஃப்ளோ ஃபிளாக் என்று ஒரு கொடியே இருக்கிறது. மைக்ரோபிராசசர் பாடத்தில் படித்தோம் அல்லவா? கொடி ஏறத்தான் செய்கிறது. அதைப் பார்க்கச் சொல்லி சி மொழி யாருக்கும் உத்தரவு போடவில்லை, அவ்வளவுதான்.

பெரிய பாத்திரம் வைத்தால் போதுமா?

லாங் போட்டதும் பிரச்சினை தீர்ந்தது என்று நானும் நினைத்தேன். டர்போ சியில் லாங் என்றால் 32 பிட். 2,14,74,83,647 வரை தாங்கும். யாருக்கு இருநூற்றுப் பதினாலு கோடி வரப் போகிறது?

வந்தது. 2014 டிசம்பரில், 'கங்னம் ஸ்டைல்' என்ற கொரியப் பாட்டை யூடியூபில் பார்த்தவர் எண்ணிக்கை இந்த எல்லையைத் தாண்டியது. யூடியூப் அந்தக் கணக்கை 64 பிட்டுக்கு மாற்றியது. அது விளையாட்டுச் செய்தி மாதிரி போய்விட்டது. அடுத்தது விளையாட்டு அல்ல. 2015-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை போயிங் 787 விமானங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. அந்த விமானத்தை 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தை நிறுத்தாமல் வைத்திருந்தால், ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் பெட்டிகளுக்குள் ஒரு கவுன்டர் நிறைந்து வழியும். எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் ஆன் செய்யப்பட்டிருந்தால் எல்லாமே ஒரே நேரத்தில் ஒதுங்கிக்கொள்ளும். பறந்துகொண்டிருக்கும் விமானத்தில்கூட ஏ.சி. மின்சாரம் மொத்தமும் போய்விடலாம். அதனால் அதற்கு முன்பே மின்சாரத்தை ஒருமுறை நிறுத்திப் போடுங்கள் என்பதுதான் உத்தரவு. நல்லவேளை, விபத்து நடக்கவில்லை. நான் நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு விநாடியை நூறு பாகமாகப் பிரித்து எண்ணிக்கொண்டே போனால், 2,14,74,83,647 நிறைய 248 நாளும் சொச்சமும் ஆகிறது.

இன்னொன்றும் நமக்காகக் காத்திருக்கிறது. 1970-ம் ஆண்டு தொடக்கத்திலிருந்து போன விநாடிகளை 32 பிட்டில் எண்ணுகிற பழைய யூனிக்ஸ் வழக்கம் உண்டு. அந்தப் பாத்திரம் நிறையும் நேரம் 2038 ஜனவரி 19, நம் கடிகாரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. பெரிய கணினிகள் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. ஆனால் சுவரில் மாட்டிய கன்ட்ரோலர்களும் மூலையில் கிடக்கும் பழைய பெட்டிகளும் இருக்கின்றனவே! அன்றைக்கு அதைச் சரி செய்யக் கூப்பிடப் போவது முப்பது வயதைத் தாண்டிய நம்மைத்தான்.

ஆக, பாத்திரத்தைப் பெரிதாக்குவது நாளைத் தள்ளிப்போடுமே தவிர, வழியும்போது சொல்லுமா என்ற கேள்விக்குப் பதில் ஆகாது.

"நல்ல புரோகிராமர் தப்பு செய்ய மாட்டான்"

இந்தப் பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். "உனக்கு டேட்டா டைப் தெரியலை, மொழியை ஏன் குறை சொல்ற?" என்று. சரி, தெரிந்தவர்களைப் பார்ப்போம்.

பைனரி சர்ச் நம் எல்லாருக்கும் மனப்பாடம். கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நடு. இதில் என்ன தப்பு வரும்? இரண்டும் பெரிய எண்களாக இருந்தால் கூட்டும்போதே வழிந்து, நடு என்பது மைனஸ் ஆகிவிடும். இந்தத் தப்பு ஜான் பென்ட்லி என்ற பெரிய அறிஞரின் 'புரோகிராமிங் பேர்ல்ஸ்' புத்தகத்தில் இருந்தது. ஜாவா மொழியின் சொந்த நூலகத்திலேயே ஒன்பது வருஷம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. அதை எழுதிய ஜோஷுவா பிளாக் அவர்களே 2006-ல் ஊரறியச் சொன்னார். திருத்தம் சின்னதுதான். மேலிலிருந்து கீழைக் கழித்து, பாதியாக்கி, அதைக் கீழோடு கூட்டு. முடிந்தது. உலகத்துக்கே சொல்லிக்கொடுத்தவர்களுக்கே இப்படி என்றால், பதினெட்டு வயதில் வைவா பயத்தோடு எழுதுகிற நமக்கு எப்படி?

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஜாவாவிலும் கூட்டல் சத்தமில்லாமல்தான் வழிகிறது. ஆனால் அந்த மைனஸ் எண்ணை வைத்து அரேயைத் தொட்டதும் ஜாவா "எல்லைக்கு வெளியே போகிறாய்" என்று நிறுத்திவிடும். தப்பு அங்கேயே பிடிபடும். அதே தப்பை சியில் செய்தால்? அரேக்கு முன்னால் உள்ள யாரோ ஒருவரின் இடத்தைப் போய்ப் படித்துவிட்டு வரும். ஒரே தப்பு. ஒரு மொழியில் புரோகிராம் நிற்கிறது, இன்னொன்றில் பொய் சொல்கிறது.

செக் எழுதினாலும் தப்பிக்க முடியாதா?

அடுத்து நான் செய்த கூத்து. "கூட்டின பிறகு விடை முன்னைவிடச் சின்னதாயிடுச்சான்னு பார்த்தா வழிஞ்சது தெரிஞ்சுடுமே!" என்று ஒரு இஃப் எழுதினேன். டர்போ சியில் வேலை செய்தது. அதையே ஜிசிசியில் வேகம் கூட்டும் ஆப்ஷனோடு கம்பைல் செய்தேன். செக் காணாமல் போய்விட்டது!

காரணம் இதுதான். பிளஸ் மைனஸ் உள்ள எண்கள் வழிந்தால் என்ன ஆகும் என்று சி மொழியின் தரம் எதையும் சொல்லவில்லை. 'அன்டிஃபைன்ட்', அதாவது வரையறுக்கப்படாதது என்று விட்டுவிட்டது. கம்பைலர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறது தெரியுமா? "ஒழுங்கான புரோகிராமில் இது நடக்கவே நடக்காது. நடக்காத ஒன்றைச் சோதிக்க ஒரு இஃப் எதற்கு?" என்று நாம் எழுதிய காவலையே அழித்துவிடுகிறது. வாட்ச்மேனைப் பார்த்து, "இந்தத் தெருவில் திருடனே கிடையாது, நீ வீட்டுக்குப் போ" என்று அனுப்புவது போல. பாயின்டரோடு எண்ணைக் கூட்டிவிட்டு முன்னைவிடச் சின்னதா என்று பார்க்கும் செக்கையும் இப்படித்தான் நீக்குகிறார்கள். 2008-ல் அமெரிக்காவின் செர்ட் அமைப்பு இதை ஓர் எச்சரிக்கையாகவே வெளியிட்டது.

சரியான வழி, கூட்டுவதற்கு முன் பார்ப்பது. பிளஸ் எண்களானால், உச்ச எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்து, முதல் எண் அதைவிடப் பெரியதா என்று பார்த்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும். டம்ளரில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊற்று, ஊற்றிவிட்டுப் பார்க்காதே. அம்மாக்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பாயின்டர் என்னும் முகவரி

இப்போது பாயின்டருக்கு வருகிறேன். பாயின்டர் என்றதும் பாதிப் பேர் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்! இதுவும் எல்லை விஷயம்தான்.

ஒரு லைன் வீட்டில் ஐந்து குடித்தனம். "முதல் வீட்டிலிருந்து மூணு வீடு தள்ளி" என்றால் நாலாவது வீடு. "முதல் வீட்டிலிருந்து ஏழு வீடு தள்ளி" என்றால்? அப்படி ஒரு வீடே இல்லை. போகிற மனிதர் யாரையாவது விசாரிப்பார். சியின் பாயின்டர் விசாரிக்காது. ஏழு வீட்டுத் தூரத்தை அடியளந்து நடந்து, அங்கே கிணறு இருந்தாலும் கதவைத் தட்டும். ஐந்து இடமுள்ள அரேயில் ஏழாவது இடத்துக்குப் போனால் இதுதான். அரேயை ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது முதல் வீட்டின் முகவரி மட்டுமே போகிறது, மொத்தம் எத்தனை வீடு என்ற தகவல் வாசலிலேயே நின்றுவிடுகிறது. இன்னும் சொல்லப்போனால், அரேயின் கடைசிக்கு அடுத்த ஓர் இடம் வரைக்கும்தான் பாயின்டரை நகர்த்தவே தரம் அனுமதிக்கிறது. அதற்கு மேல் போனால், தொடாவிட்டாலும் அது வரையறுக்கப்படாததுதான்.

இதனால் என்ன நஷ்டம் வந்துவிடும் என்கிறீர்களா? நம் லேப் ரெக்கார்டில் பெயரை வாங்க கெட்ஸ் என்று ஒரு ஃபங்ஷன் எழுதுகிறோமே, அதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்றே தெரியாது. கொடுக்கக் கொடுக்க எழுதிக்கொண்டே போகும். 1988 நவம்பரில் மோரிஸ் என்ற மாணவர் விட்ட புழு புரோகிராம் இன்டர்நெட்டில் பரவியது. அதற்குக் கிடைத்த வாசல்களில் ஒன்று இந்த கெட்ஸ். ஃபிங்கர் என்ற சேவையில் 512 பைட் இடம் இருந்தது. புழு அனுப்பியது 536 பைட். அதிகமான 24 பைட் பக்கத்து இடத்தில் விழுந்து, புரோகிராம் திரும்பிப் போக வேண்டிய முகவரியையே மாற்றிவிட்டது. 2011-ல் வந்த சி தரத்திலிருந்து கெட்ஸையே நீக்கிவிட்டார்கள். நாம் இன்னும் ரெக்கார்டில் அழகாக மார்ஜின் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம்!

இரண்டு தப்பும் கை கோத்தால் இன்னும் மோசம். ஓப்பன் எஸ்எஸ்எச் என்பது தூரத்திலிருந்து கணினிக்குள் பாதுகாப்பாக நுழைவதற்கென்றே எழுதிய மென்பொருள். அதில் 2002-ல் ஓர் ஓட்டை கண்டுபிடித்தார்கள். எத்தனை பதில்கள் வரும் என்ற எண்ணை எதிர்ப்பக்கம் இருப்பவரிடமே வாங்கி, அதை நாலால் பெருக்கி, அவ்வளவு பைட் இடம் கேட்டது. உதாரணத்துக்கு 1,07,37,41,825 என்று கொடுத்தால், நாலால் பெருக்க 4,29,49,67,300. 32 பிட் தாங்குவது 4,29,49,67,295 வரைதான். வழிந்தது போக மிச்சம் 4. ஆக, கிடைத்த இடம் நாலே நாலு பைட்! பிறகு லூப் நூறு கோடிப் பதில்களுக்கு இடம் இருப்பதாக நம்பி எழுத ஆரம்பிக்கும். முதலில் கணக்கு பொய் சொன்னது, அந்தப் பொய்யை நம்பிப் பாயின்டர் வேலி தாண்டியது. பூட்டு செய்கிறவர் கடையிலேயே இப்படி!

மறுப்பவர்களுக்கு என் பதில்

"ஒவ்வொரு கூட்டலையும் சோதித்தால் வேகம் குறையும்" என்பார்கள். குறையும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் டோனி ஹோர் 1980-ல் டூரிங் விருது உரையில் ஒரு பழைய அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார். அறுபதுகளில் அவர் குழு எழுதிய அல்கால் கம்பைலர், அரேயின் ஒவ்வோர் இன்டெக்ஸையும் ஓடும்போதே சோதித்தது. பின்னால், வேகத்துக்காக இதை அணைக்க வசதி வேண்டுமா என்று வாடிக்கையாளர்களைக் கேட்டார்கள். ஒருவர்கூட விடாமல் வேண்டாம் என்றார்களாம். இன்றைய கணினியின் வேகத்தில் துளிகூட இல்லாத காலம் அது! அவர்களுக்கே வேண்டியிருந்த பாதுகாப்பு, சட்டைப்பையில் அதைவிட எத்தனையோ மடங்கு வேகமான போனை வைத்திருக்கும் நமக்குப் பாரமா?

"அப்படியானால் சியைத் தூக்கி எறி" என்று வேறு சிலர். அதுவும் என் கட்சி இல்லை. லினக்ஸ் கெர்னல் பெரும்பாலும் சியில்தான் இருக்கிறது. நம் 8051 போர்டுக்கும் சிதான் எழுதுகிறோம். எழுபதுகளின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிச்சி அதை உருவாக்கியபோது மெமரி பொன் மாதிரி. அன்றைக்கு அது நியாயம். பழைய வீட்டை இடிக்கச் சொல்லவில்லை, புதிதாகக் கட்டும் மாடிக்காவது கைப்பிடிச் சுவர் வையுங்கள் என்கிறேன். பலன் இருக்கிறதா? கூகுள் 2024-ல் கொடுத்த கணக்கு இது. ஆண்ட்ராய்டில் கிடைத்த பாதுகாப்பு ஓட்டைகளில் மெமரித் தவறுகள் 2019-ல் 76 சதம், 2024-ல் 24 சதம். பழையதை எல்லாம் திருப்பி எழுதவில்லை. புதிதாக எழுதுவதை ரஸ்ட் போன்ற பாதுகாப்பான மொழிகளுக்கு மாற்றிக்கொண்டே வந்தார்கள்.

மூன்றாவது கேள்வி நியாயமானது. "சோதிக்கிற மொழியில் எழுதினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா?" இல்லை. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட், முதல் பயணத்திலேயே, கிளம்பி 40 விநாடிக்குள் நான்கு செயற்கைக்கோள்களோடு சிதறியது. மொழி அடா. சோதனைக்குப் பேர்போன மொழி. 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணில் அடைக்கப் பார்த்தார்கள். என் அம்மா கணக்கு வழிந்த அதே 32,767 எல்லை! மெஷின் இந்த முறை சொன்னது. ஆனால் சொன்னால் என்ன செய்வது என்று அந்த இடத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. ஏழு எண்களில் நாலுக்குத்தான் பாதுகாப்பு, மூன்றுக்கு விட்டுவிட்டார்கள். பழைய ஏரியான் 4-ல் அந்த அளவு வராது என்ற நம்பிக்கை. புது ராக்கெட்டின் வேகத்துக்கு வந்துவிட்டது. திசை சொல்லும் கணினி நின்றது. துணைக்கு இருந்ததிலும் அதே மென்பொருள், அதுவும் நின்றது. ஆக, சத்தம் போட்டால் மட்டும் போதாது, கேட்க ஆளும் வேண்டும். ஆனால் ஒன்று. என்ன நடந்தது என்று விசாரணைக் குழுவால் சரியாகச் சொல்ல முடிந்தது. நின்ற இடம் தெரிந்தால்தானே திருத்த முடியும்?

என் கருத்து

மொழி என்பது வழக்கமாகவே வாய் திறக்க வேண்டும். எண் கொள்ளாவிட்டால் சொல்ல வேண்டும், பாயின்டர் வேலி தாண்டினால் நிறுத்த வேண்டும். வழிந்து சுற்றி வருவது சில இடங்களில் உண்மையிலேயே தேவை. செக்சம், ஹாஷ் போன்ற கணக்குகள் அப்படி. அங்கே எழுதுகிறவர் அதை வெளிப்படையாக எழுதட்டும். சுவிஃப்ட் மொழி இப்படித்தான். சாதாரணக் கூட்டல் வழிந்தால் புரோகிராம் நின்றுவிடும், சுற்றி வரும் கூட்டலுக்குத் தனிக் குறி. ரஸ்டில் அரே எல்லை எப்போதும் சோதிக்கப்படும். ஆனால் கூட்டல் வழிவது, நாம் எழுதிப் பழகும் டீபக் நிலையில் பிடிபட்டாலும், வெளியிடும் நிலையில் நாமாகக் கேட்காவிட்டால் சுற்றித்தான் வரும். அதையும் தெரிந்துகொண்டு பழக வேண்டும். சி மொழியின் 2024-ல் வெளியான தரத்திலேயே, கூட்டல், கழித்தல், பெருக்கலைச் செய்துவிட்டு "கொள்ளவில்லை" என்று தெரிவிக்கும் மூன்று வசதிகள் வந்துவிட்டன.

நம் லேபில் நாமே தொடங்கக்கூடியவை சில. முதலாவது, ரெக்கார்டில் அவுட்புட் ஒட்டும்போது எல்லைக்குக் கீழே ஒன்று, எல்லையில் ஒன்று, எல்லைக்கு மேலே ஒன்று என்று மூன்று சோதனை ஒட்டுவோம். நான் 22-ம் மாசத்தை முன்னாடியே போட்டுப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. இரண்டாவது, கெட்ஸுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இடத்தின் அளவைச் சொல்லி வாங்கும் எஃப்கெட்ஸ் எழுதுவோம். மூன்றாவது, அரேயை ஃபங்ஷனுக்கு அனுப்பினால் கூடவே அதன் நீளத்தையும் அனுப்புவோம். நான்காவது, ஜிசிசி இலவசம்தான். அதில் வார்னிங் எல்லாவற்றையும் போட்டு, சானிட்டைசர் என்ற ஆப்ஷனையும் போட்டு ஒருமுறை ஓட்டுவோம். எந்த வரியில் வழிந்தது, எந்த வரியில் வேலி தாண்டியது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். கடைசியாக, நம் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். சரியான விடைக்கு மார்க் போடுவது போல, "விடை சொல்ல முடியவில்லை" என்று ஒழுங்காகச் சொல்லி நிற்கும் புரோகிராமுக்கும் மார்க் போடுங்கள்.

மற்ற பிரிவு நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நாளைக்கு நாம் எழுதப் போவதோ, பழுது பார்க்கப் போவதோ ராக்கெட்டாக இருக்காது. எடை மெஷினாக இருக்கும், மோட்டார் கன்ட்ரோலராக இருக்கும், பால் சொசைட்டி கணக்காக இருக்கும். பைசாவில் கணக்கு வைத்தால் 32 பிட் தாங்குவது 2 கோடியே 14 லட்சம் ரூபாய் சொச்சம்தான், மறந்துவிடாதீர்கள். அந்த மெஷின் முன்னால் நிற்பவர்களுக்கு இன்ட், லாங் எதுவும் தெரியாது. மெஷின் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, தன் மனக்கணக்கைத் தானே சந்தேகப்படுவார்கள். நம் வீட்டு ஆட்கள்தான் அவர்கள்.

இப்போது என் புரோகிராம் கொள்ளாத எண் வந்தால், "கணக்கு எல்லை மீறியது, கையால் சரிபார்க்கவும்" என்று தமிழிலேயே எழுதி நிற்கும். அம்மாவிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இது போதும் கண்ணு" என்றார். இருந்தாலும் மாசா மாசம் தாளை வாங்கியதும், மனசுக்குள் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைக்கிறார். அதுவே நல்லது என்று விட்டுவிட்டேன்.

தவறிருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். சத்தமாகவே சொல்லுங்கள்!

— இரண்டாமாண்டு மாணவி, கணினிப் பொறியியல் பிரிவு